கனகலட்சுமி பார்த்த அரைப்படம்

அருப்புக்கோட்டை பஜாரில் பெண் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர்கள் ஜோசியரைத் தேடிப் போவதற்கு முன்னால் கனகலட்சுமியைத் தேடிப் போவார்கள். கட்டம் பொய் சொன்னாலும் சொல்லும், கனகலட்சுமி கண் பொய் சொல்லாது என்று எண்பதுகளில் ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. அவளும் அதைக் கேட்டும் கேட்காததுபோல மூக்குத்தியைத் திருகிக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான், இல்லாமல் என்ன?

விஷயம் இதுதான். பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், பேச்சு ஒருவழிக்கு வந்துவிட்டால், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருவார்கள். முன்னறையில் புது ஜமக்காளம் விரித்திருக்கும். காராச்சேவு, பூந்தி, காபி எல்லாம் வரும். ஆம்பளைகள் மழையைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வந்த கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "கை கழுவணும், குழாய் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்பாள். கையில் அழுக்கு ஒன்றும் இருக்காது. அவள் எதற்குப் போகிறாள் என்று அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். தெரியாதமாதிரி இருக்க வேண்டும், அதுதான் மரியாதை.

அப்படிக் கை கழுவப் போவதில் கனகலட்சுமியை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் என்று விருதுநகர்வரைக்கும் அவளை பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். அடுப்பில் அள்ளாத சாம்பலைப் பார்த்தே எத்தனை பேருக்கு உலை கொதிக்கிறது என்று சொல்லிவிடுவாள். கொடியில் காயும் துணி, கதவுக்குப் பின்னால் இருக்கும் வாரியல், மாமியார்க்காரியின் படுக்கை எந்த மூலையில் கிடக்கிறது, எல்லாவற்றையும் ஒரு செம்புத் தண்ணீர் மோந்து ஊற்றுகிற நேரத்துக்குள் பார்த்துவிடுவாள். திரும்பி வந்து தன் வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தைதான். "சரி" என்றால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். "வேணாம்" என்றால் காபியோடு செருப்பை மாட்டிவிடுவார்கள்.

அவள் வேண்டாம் என்று சொன்ன வீடுகளே அதிகம். வாசலில் அம்பாசிடர் நிற்கும், கொல்லையில் கடன்காரன் நிற்பான் என்பாள். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி ஊரார் கொல்லையையெல்லாம் பார்த்தவளின் கொல்லையைப் பார்க்க ஆள் வரும் நாளும் வந்தது. எண்பத்தொன்பதாம் வருஷம். மகன் நவநீதகிருஷ்ணனுக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருச்சுழியில் தானியக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், ரேணுகாதேவி என்று பேர். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண் நேராக நிமிர்ந்து பார்த்தாள், கனகலட்சுமிக்கு அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகத் தரகர் சங்கரலிங்கம் வந்து சொன்னார். கனகலட்சுமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்றால், அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு விஷயம் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் ராமசுப்பு ஒரு காலத்தில் மிளகாய் கமிஷன் கடை வைத்துக் கொழித்தவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனில் மூட்டை உத்தரம் வரைக்கும் நிற்கும். தும்மிக்கொண்டேதான் அந்தப் பக்கம் போக முடியும். அடுத்தடுத்து வானம் பொய்த்ததில் கடை படுத்துவிட்டது. இப்போது தெருப்பக்கம் ஒரு சின்னக் கடையும், பேருக்கு ஒரு தராசும்தான் மிச்சம். குடோனில் நவநீதன் இருந்தான். தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோகிற மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் தடவி ஓடவைத்துக் கொடுப்பான். அதைத்தான் 'காயில் கட்டுறது' என்பார்கள். மதுரையில் ஒரு பட்டறையில் கிடந்து கற்றுக்கொண்டு வந்த வேலை. எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து பஸ்ஸின் மேலே மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். கரண்டு ஏறி ஏறி இறங்குகிற ஊர் இது, மோட்டார் எரியாமல் என்ன செய்யும்?

அந்த வேலையில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. அதைத்தான் கனகலட்சுமி மறைத்தாள். தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்த குடும்பத்துப் பிள்ளை ஸ்பேனர் பிடிப்பதா? ஏற்கெனவே இரண்டு மூன்று இடம், 'காயில் கட்டுற பையனா?' என்று கேட்டதோடு கையை உதறிக்கொண்டு போயிருந்தது. விசேஷ வீடுகளுக்குப் போகும்போது, "நகக்கண்ணுல புளியப் போட்டுத் தேய்டா, வார்னிஷ் நாத்தம் ஊரத் தூக்குது" என்று அவனை விரட்டுவாள். யாராவது கேட்டால், "பையன் கடையப் பாத்துக்கிறான்" என்பாள். நவநீதன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

தரகர் சங்கரலிங்கம்தான் யோசனை சொன்னார். "அக்கா, குடோன நெறச்சிருவோம். முன்வரிசையில நாலு மூட்ட நல்ல மிளகா வத்தல். பின்னாடியெல்லாம் கடலைத் தொலியத் திணிச்சு, வாய்க்கு மட்டும் ரெண்டு கை வத்தலத் தூவி வச்சிருவோம். யாரு உள்ள கைய விட்டுப் பாக்கப்போறா?"

"பொய்யில்லையா அண்ணே?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னாக. நாம ஒண்ணுதான சொல்றோம். பாக்கி தொள்ளாயிரத்துச் சொச்சம் கையிருப்பு இருக்குல்ல?"

ராமசுப்பு சிரித்தார். கனகலட்சுமியும் சிரித்தாள். கை கழுவப் போகிறவள் எங்கெங்கே பார்ப்பாள் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வீட்டை ஜோடித்தாள். பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் ஃபிரிட்ஜ் இந்த வீட்டுக்கு இடம் மாறியது. வியாழக்கிழமை வண்டியில் தொலி மூட்டைகள் வந்து இறங்கின. மோட்டார்களைப் பின்தெருவில் இருந்த ஒரு கொட்டகைக்கு நவநீதனே ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை நீ வெள்ளைச் சட்டை போட்டுக் கல்லாவில் உட்கார வேண்டும் என்றபோது, "சரிம்மா" என்றான். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மூக்கம்மாள் வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அந்தக் காலத்தில் விசேஷம் என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்குப் பிடித்துப் படம் போட வேண்டும். கறிச்சோறு போடாவிட்டாலும் மன்னிப்பார்கள், படம் போடாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். கேசட் கடை பூமிநாதன் மத்தியானம் பந்தி முடிந்ததும் டி.வி.யைத் தூக்கி மேசைமேல் வைத்தான். பந்தல் கொள்ளாத கூட்டம். கேசட்டைப் போட்டால், வெள்ளைக்காரி ஒருத்தி வாயில் சிகரெட்டோடு வந்து நிற்கிறாள்.

"ஏலே பூமி, என்னடா இது, நம்ம படம் எங்க?" என்று ஒரே சத்தம். பூமிநாதன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டப்பா என்னவோ தமிழ்ப் படத்து டப்பாதான். முன்னால் வாங்கிப்போனவன் எவனோ மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டான். "அந்தக் கேசட்டு ஊருக்கு வெளிய ஒரு கல்யாண வீட்டுல கெடக்குண்ணே, இந்தா ஓடிப்போய் வாங்கிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தான்.

"அப்ப இது என்ன படம்டா?" என்று கனகலட்சுமி கேட்டாள்.

"அமெரிக்காவுல ஹாலிவுட்டுனு ஒரு ஊரு இருக்குக்கா, நம்ம கோடம்பாக்கம் மாதிரி. அந்தக் காலத்துல அங்க எப்படிப் படம் புடிச்சாகன்னு எடுத்த படமாம். சண்டப் படம்னு மதுரையில ஏமாத்திக் குடுத்துட்டான். ஓடட்டும், டி.வி. சும்மா இருந்தா ஆளு கலஞ்சிரும்."

ஆள் கலைந்துதான் போயிற்று. கனகலட்சுமி மட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி, தலைக்கு நேரே காற்றாடி, வயிறு முட்டச் சாப்பாடு. எழுந்து போனால் வீட்டில் அந்தத் தொலி மூட்டைகளின் முகத்தில் முழிக்க வேண்டும். பக்கத்தில் மூக்கம்மாள் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் இங்கிலீசில் ஒரு வார்த்தை தெரியாது.

தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. கொஞ்ச நேரத்தில் கனகலட்சுமிக்குப் பிடி கிடைத்துவிட்டது. தலைமுடியைத் தூக்கணாங்குருவிக் கூடுமாதிரி சுருட்டி வைத்திருப்பவள் நடிகை. சுருட்டுப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற தடியன் கம்பெனி முதலாளி. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூம்புக் குழாயில் கத்துகிறவன் டைரக்டர். முதலாளி அந்தப் பெண்ணுக்குப் பேரை மாற்றுகிறான், முடிக்குச் சாயம் அடிக்கிறான், ஒரு பணக்காரப் பையனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறான்.

"இவன்தான் தரகன் போலருக்கு" என்றாள் கனகலட்சுமி.

"சங்கரலிங்கத்துக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டா இவனேதான்" என்றாள் மூக்கம்மாள்.

பிறகு பனி பெய்தது. அந்தப் பெண் பனியில் நின்று அழுகிறாள். கேமரா மெல்ல மேலே போனால், உத்தரத்தில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கிறான்! கனகலட்சுமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஆத்தாடி, பனியாம்ல பனி! மாவு சலிக்கிறான் பாரு மூக்கம்மா! இந்த மாதிரிப் பனியப் பாத்தா கொட்டகையில நாம அழுதோம்?" மழை ஒரு ரப்பர்க் குழாயிலிருந்து வந்தது. ஒரு தெரு முழுக்கக் கடைகள், மாடி வீடுகள், பெயர்ப்பலகைகள். அவ்வளவும் முகப்பு மட்டும்தான். காற்றடித்தபோது ஒரு மாடி வீடு ஆடிற்று, இரண்டு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்துக் கனகலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் அந்த இடம் வந்தது. மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும் தனியாக நிற்கிறாள். எதிரே பெரிய பங்களா, தூணும் படிக்கட்டுமாகச் செட்டிநாட்டு வீடுமாதிரி. அவள் சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிக் கதவைத் திறக்கிறாள்.

கனகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடியாத்தி! மூக்கம்மா, இங்க பாருடி! இவ கை கழுவப் போறா!"

கதவுக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை. முட்டுக் கொடுத்த கட்டைகள், ஆணி, சாய டப்பா, ஏணி. வெயில். அந்தக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தச்சன் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கிறான். கையெல்லாம் மரத்தூள். கனகலட்சுமிக்கு அடுத்து என்ன என்று தெரியும். ஆயிரம் கொல்லை பார்த்தவள் இல்லையா? அந்தப் பெண் இப்போது முகத்தைச் சுளிப்பாள், திரும்பி நடப்பாள், வேணாம் என்பாள்.

அந்தப் பெண் திரும்பவில்லை. தச்சன் தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரு பலகையைத் துடைத்து விட்டான். அவள் அவ்வளவு பெரிய பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். அவன் ரொட்டியைப் பிட்டு நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். படம் முழுக்க அவள் பசித்துத் தின்றது அதுதான் முதல் தடவை.

"கை நனச்சுட்டாடி!" என்று கனகலட்சுமி கத்தியே விட்டாள். "கொல்லையப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் கை நனச்சுட்டா! சம்பந்தம் முடிஞ்சுபோச்சு!"

மூக்கம்மாள் சிரித்தாள். கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தச்சன் பலகையைத் துடைத்த கையை அவளுக்குத் தெரியும். வார்னிஷும் கரியுமாக, தன்னைப் பார்த்ததும் பின்னால் மறைந்துகொள்ளும் ஒரு கை அவள் வீட்டில் இருந்தது. எத்தனை வீட்டுப் பின்பக்கம் போயிருக்கிறாய், அங்கே வேலை செய்துகொண்டிருந்தவன் முகத்தை ஒருநாளாவது பார்த்திருக்கிறாயா என்று யாரோ கேட்டதுபோல இருந்தது. அவள் சாம்பலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், வாரியலைப் பார்த்தாள். ஆளைப் பார்த்ததில்லை. பெற்ற மகனையே பார்க்கவில்லை.

படத்தில் முதலாளி அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு வருகிறான். அவள் எழுந்து நிற்கிறாள். தச்சனையும் பார்க்கிறாள், முதலாளியையும் பார்க்கிறாள். என்னவோ சொல்ல வாயைத் திறக்கிறாள். டப்பென்று திரை நீலமாகிவிட்டது. பூமிநாதன் வேர்க்க விறுவிறுக்க வந்து கேசட்டை உருவியிருந்தான். கூட்டம் எங்கிருந்தோ ஓடிவந்து விசிலடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"ஏலே, ஏலே! அவ என்ன சொன்னா? அதப் போட்டுட்டு எடுடா!"

"யாரு என்ன சொன்னா?"

"அந்த வெள்ளக்காரப் புள்ள! யாரு கூடப் போனா?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் பத்து நிமிசத்துக்கு மேல பாத்ததில்ல. வாங்கிட்டுப் போனவன் ஒருத்தனும் முழுசாப் பாத்ததில்ல."

அருப்புக்கோட்டை முழுக்க அந்தப் படத்தின் முடிவு தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லை. மறுநாள் காலையில் கனகலட்சுமி பூமிநாதன் கடைக்கே போய் நின்றாள். அவன் கேசட்டைக் காலை பஸ்ஸிலேயே மதுரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தான், ஏமாற்றிக் கொடுத்தவன் தலையிலேயே கட்டியாகிவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். கனகலட்சுமிக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடிக்காமல் விட்டதே பெரிசு.

சனிக்கிழமை முழுக்க அவள் குடோனுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மூட்டையைத் திறந்து காட்டினால் இந்தச் சம்பந்தமும் போகலாம். போனால் அடுத்தது எப்போது வரும்? மகன் தனிமரமாக நிற்க அவளே காரணம் என்று ஊர் சொல்லும். மறைத்துவைத்தால், வருகிற பெண் ஒருநாள் அந்த மூட்டைக்குள் கையை விடத்தான் செய்வாள். அதற்கப்புறம் அவள் மாமியாரின் முகத்தைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று கனகலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பார்வையை எத்தனையோ வீட்டில் அவளே பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு விடிந்ததும் மகனை எழுப்பினாள். "தம்பி, அந்த மூட்டையெல்லாம் தூக்கி வெளிய போடுடா. மோட்டாரெல்லாம் திருப்பிக் கொண்டாந்து வையி."

நவநீதன் அரைத்தூக்கத்தில் அவளையே பார்த்தான். "என்னம்மா சொல்றீக?"

"சொன்னதச் செய்யி. நீ வேல பாக்குற எடம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும்."

ராமசுப்பு ஓடிவந்தார். "ஏ கனகு, கிறுக்குப் புடிச்சிருச்சா? இன்னும் நாலு மணி நேரத்துல வந்து நிப்பாக!"

"வரட்டும். ஹாலிவுட்டுக்காரன் வீடே காத்துல ஆடுதுங்க. நம்ம வீடு எந்த மூலைக்கு?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்த ஃபிரிட்ஜாவது இருக்கட்டும்டி" என்று கெஞ்சினார். கனகலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "சரி, இருக்கட்டும். வாரவுகளுக்குக் கலரு சோடா ஜில்லுனு இருக்கும்ல" என்றாள். ஒரேயடியாக அரிச்சந்திரன் ஆகிவிட அவளால் முடியவில்லை.

பத்து மணிவாக்கில் வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்லமுத்து, சித்தப்பாமார், கூட ஒரு பெரியம்மா. சரஸ்வதி என்று பேர். கனத்த உடம்பு, சின்னக் கண். அந்தக் கண்ணைப் பார்த்ததுமே கனகலட்சுமிக்குப் புரிந்துவிட்டது, இவள்தான் அந்த ஊர்க் கனகலட்சுமி. கலர் குடித்தார்கள். சங்கரலிங்கம் மிளகாய் வியாபாரத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். குடோன் காலியானது அவருக்கு இன்னும் தெரியாது. நவநீதன் சாதாரணச் சட்டையோடு ஓரமாக நின்றான்.

"கை கழுவணும்க்கா" என்று சரஸ்வதி எழுந்தாள்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்." கனகலட்சுமி குழாயைத் தாண்டி நேரே குடோனுக்குப் போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

வரிசையாக மோட்டார்கள், வயிறு திறந்தும் திறக்காமலும். ஆணியில் செம்புக் கம்பிச் சுருள்கள். வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. ஒரு மூலையில் ஒரே ஒரு சாக்கு மூட்டை.

"எம் மகன் இங்கதான் காயில் கட்டுறான்" என்றாள் கனகலட்சுமி. "முன்னாடி இருக்குற கடை பேருக்குத்தான். அதுல ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ வத்தல் போனாப் பெருசு. நாங்க சாப்பிடுறது இந்தக் கம்பியிலதான். தரகர் உங்கக்கிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பாரு. நாங்களும் சொல்லவிட்டோம்."

சரஸ்வதி மோட்டார்களைச் சுற்றிக்கொண்டு நேரே அந்த மூலைச் சாக்குக்குப் போனாள். குனிந்து முழங்கை வரைக்கும் உள்ளே கையை விட்டாள். கருகிப்போன பழைய கம்பி ஒரு கற்றை கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள்.

"எங்க ரேணுகாவுக்கு முன்னாடியே ஒருதரம் நிச்சயம் ஆயி நின்னுபோச்சு. அத நாங்களும் மறச்சோம்" என்றாள். "நின்னது மாப்ள வீட்டாலயில்ல. இவளே நிறுத்திட்டா. அரிசி ஆலைன்னு காட்டுனாக, பாத்தா அடுத்தவன் ஆலை. நிச்சயச் சேலையத் திருப்பி வீசிட்டா சண்டாளி. அதுலருந்து ஊருல இவளுக்கு வாயாடின்னு பேரு. ஒரு எடமும் வரல. இன்னைக்குக் கெளம்புறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா: 'பெரியம்மா, வீடு சிறுசா இருக்கட்டும், ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கட்டும். மூட்ட இருந்தா மட்டும் உள்ள கைய விட்டுப் பாத்துட்டு வாங்க'ன்னு."

கனகலட்சுமி குடோனைச் சுற்றி ஒருதரம் பார்த்தாள். விடிகாலை வரைக்கும் இந்த இடத்தில் உத்தரத்தை முட்டிக்கொண்டு நின்ற மூட்டைகளை நினைத்தாள். தப்பித்தோம் என்று சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அக்கா, இன்னைக்கு விடியுற வரைக்கும் இங்க மூட்ட இருந்துச்சு. மேல வத்தல், உள்ளயெல்லாம் கடலைத் தொலி. உங்களுக்குக் காட்டத்தான் அடுக்குனோம். அந்த ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டுது."

சரஸ்வதி வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு அவளுடைய கனத்த உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரித்தாள், இருமினாள், மறுபடியும் சிரித்தாள். "இதையும் அவகிட்டச் சொல்லவா?"

"சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் புள்ள என்ன சொல்லுதோ, அதுதான்."

அன்றைக்கு அவர்கள் சாப்பிடாமல்தான் போனார்கள். சரஸ்வதி விஷயத்தைச் சொன்னதும் நல்லமுத்து முகத்தில் ஈ ஆடவில்லை. சங்கரலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு, இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று துண்டை உதறினார். ராமசுப்பு இரண்டு நாள் பேசவில்லை. நவநீதன் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவின் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, "விடுங்கம்மா. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றான். கனகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வாசலில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரஸ்வதி வந்தாள். தனியாக வரவில்லை. பின்னால் கையில் ஜவுளிக்கடைப் பையோடு ரேணுகாதேவி நின்றாள்.

"சேலை எடுக்க டவுனுக்கு வந்தோம்" என்றாள் சரஸ்வதி. "அவுக அப்பன் இன்னும் மொனங்கிக்கிட்டேதான் இருக்காரு. இவ, நான் ஒருதரம் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. என்ன செய்யச் சொல்றீக?"

பெண் நேராகக் கனகலட்சுமியைப் பார்த்தாள். "குடோனு எங்கிட்டு இருக்கு அத்த?" என்றாள். கை கழுவணும் என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கனகலட்சுமி கையைக் காட்டினாள். கூடப் போகவில்லை. சரஸ்வதியும் அவளும் அடுப்படி ஜன்னல் ஓரமாக நின்றார்கள். குடோன் கதவு திறந்து கிடந்தது. நவநீதன் மோட்டாருக்கு முன்னால் குத்தவைத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் கட்டியது பாதி அவிழ்ந்துவிட்டது. கையை வேட்டியில் துடைத்தான். அவள் என்னவோ கேட்டாள், அவன் என்னவோ சொன்னான். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவிழ்ந்துபோன கம்பியின் முனையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் சுற்ற ஆரம்பித்தான்.

கனகலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் வருகிற அழுகைக்கு வெட்கம் எதற்கு? நன்றாக அழுதாள். பிறகு முன்கடைக்கு ஓடினாள். ராமசுப்பு தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எந்திரிச்சுப் போயி நல்ல நாள் பாத்துட்டு வாங்க."

"அவுக வீட்டுல இன்னும் சரின்னு சொல்லலயே? நல்லமுத்து அண்ணாச்சி என்ன நெனைக்கிறாரோ?"

"அவரு நெனச்சு என்ன, நான் நெனச்சு என்ன? பாக்க வேண்டியவ வந்து பாத்துட்டா. நீங்க செருப்ப மாட்டுங்க."